பக்கத்து வீட்டை வாங்கியவர் முறையாக வாங்கினாரா? ஆவணத்தில் பார்க்கும் வழி

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் பக்கத்து வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. ஐந்து பங்காளிகளுக்கு உரிய வீடு. ஒரு குடும்பம் பினாங்கில், மற்றவர்கள் சென்னையிலும் கோவையிலும். திடீரென்று வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பூட்டைத் திறந்தார். முழு வீட்டையும் கிரயம் வாங்கிவிட்டதாகச் சொன்னார். பவர் பத்திரத்தில், அதாவது தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தில், ஏதோ தில்லுமுல்லு என்று தெருவில் ஒரு பேச்சு. தேக்குத் தூண்களைக் கழற்றி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஏற்றப் போகிறார் என்று இன்னொரு பேச்சு. உங்கள் தெருவிலும் இப்படி நடந்தால் யாரிடமும் சண்டைக்குப் போவதற்கு முன் ஆவணத்தைப் பாருங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவின்படி, வீடு நிலம் பற்றிய பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். சொத்துக்காரராக இருக்க வேண்டியதில்லை.

முதலில் சர்வே எண்

"வில்லங்கம் போட்டுப் பார்" என்று எல்லாரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். வில்லங்கம் என்பது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். செட்டிநாட்டு வீட்டுக்கு எந்த எண்ணைக் கொண்டு வில்லங்கம் போடுவது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. கிராமங்களில் நம் வீடுகள் பெரும்பாலும் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், நிற்பவை. பழைய பத்திரங்களில் நத்தத்துக்கு ஒரே ஒரு பெரிய எண் இருக்கும். ஊரில் பாதி வீடு அந்த எண்ணில்தான். பிறகு நத்தம் நிலவரித் திட்டத்தில் மனைகளைத் தனித்தனியாக அளந்து புது எண் கொடுத்தார்கள். புது எண்ணை மட்டும் போட்டால் பழைய பாகப்பிரிவினை கண்ணில் படாது. பழைய எண்ணை மட்டும் போட்டால் சமீபத்துக் கிரயம் விட்டுப்போகலாம். இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். பதிவு ஏதும் இல்லை என்று வந்தால், அந்த எண்ணில் இல்லை என்று மட்டுமே அர்த்தம்.

இதைவிடப் பெரிய இடறல் ஒன்று உண்டு. நம் வீடுகள் முகப்பு ஒரு தெருவில் தொடங்கி, வளவு என்னும் நடு முற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் கடந்து அடுத்த தெருவில் போய் முடியும். அதனால் ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண், இரண்டு மூன்று உட்பிரிவு இருக்கும். முகப்பு எண்ணில் எனக்கு ஒன்றுமே வரவில்லை. பின்கட்டு இருக்கும் எண்ணைப் போட்டதும் புதியவரின் கிரயப் பத்திரங்கள் வந்து நின்றன.

எண்களை எங்கே எடுப்பது? உங்கள் சொந்தப் பத்திரத்தின் நான்கெல்லைப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் வருவாய்த் துறையின் இணையதளத்தில் நத்தம் பிரிவில் அக்கம்பக்கத்து எண்களைப் போட்டுப் பார்க்கலாம். காரைக்குடி, தேவகோட்டை போன்ற நகரங்களில் வார்டு, பிளாக், நகர நில அளவை எண் என்று வேறு மாதிரி கேட்கும். புரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் நத்தம் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வில்லங்கம்

பதிவுத்துறையின் டிஎன்ரெஜினெட் தளத்தில் காசு கட்டாமலே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் பாருங்கள், போனில் பட்டியல்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. ஆரம்ப நாளாக 1975 ஜனவரி 1 போடுங்கள். புரோக்கர்கள் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு எடுத்துக் கொடுப்பார்கள், அது போதாது. பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள்: சிவகங்கை மாவட்டத்து ஊருக்குப் பதிவு மாவட்டம் காரைக்குடி என்று வரலாம்.

பத்திர நகல்

வில்லங்கத்தில் ஆவண எண்ணும் ஆண்டும் கிடைத்துவிடும். அதை வைத்துச் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். புரோக்கர் காட்டும் ஜெராக்ஸை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்; நடுவில் ஒரு பக்கம் இல்லாவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. நகல் வந்ததும் சொத்து விவரத்துக்குப் போங்கள். "பிரிபடாத பாகம்", அதாவது இன்னும் அளந்து பிரிக்காத பங்கு, என்ற சொல் இருக்கிறதா? எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தது. ஐந்தில் ஒரு பாகம் வீதம் இரண்டு கிரயம். மீதி மூன்று பாகத்தை யாரும் விற்கவே இல்லை.

பங்காளிகளை ஒத்துப்பார்ப்பது

வம்சாவளியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எதிர்வீட்டு ஆச்சி சொல்லிக் கொடுத்தார். "மூத்தவருக்கு ரெண்டு பொண்ணு தம்பி, அதுகளையும் எழுதிக்கோ" என்றார். அது மிகச் சரி. 2005 செப்டம்பர் 9-இல் அமலுக்கு வந்த வாரிசுரிமைத் திருத்தத்தால் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பிரித்துக்கொண்ட குடும்பமா என்று மட்டும் பாருங்கள். ஆண்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்ற பத்திரம் என்றால் கேள்வி அங்கேதான் எழ வேண்டும்.

பவர் வைத்து விற்றிருந்தால், பவர் கொடுத்தவர் கிரயத்தன்று உயிரோடு இருந்தாரா என்று விசாரியுங்கள். பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துவிடும். வெளிநாட்டுப் பங்காளிகள் உள்ள வீட்டில் இது மிக முக்கியம். பழைய பவர் பத்திரங்கள் பல 4-ஆம் புத்தகத்தில் ஏறியவை, வில்லங்கத்தில் வராது. எங்கள் விஷயத்தில் பவர் சரியாகவே இருந்தது, கொடுத்தவரும் நலமாக இருக்கிறார். ஆகவே தெருவில் பேசிய மோசடி நடக்கவில்லை. ஆனால் முழு வீடும் தன்னுடையது என்று புதியவர் சொன்னதும் உண்மையில்லை.

இதை நான் பினாங்குக் குடும்பத்துக்கு நகலோடு அனுப்பினேன். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, கூட்டுக் குடும்பம் பிரிக்காமல் வைத்திருக்கும் குடியிருப்பு வீட்டில் ஒரு பாகம் வாங்கிய வெளியாளுக்குக் கூட்டு அனுபோகம், அதாவது குடும்பத்தோடு சேர்ந்து வீட்டை வைத்திருக்கும் உரிமை, கிடையாது என்கிறது. 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால் பங்காளிகளே அந்தப் பாகத்தை நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு வாங்கிக்கொள்ளவும் முடியும். தூணைக் கழற்றக் கூடாது என்று தடையாணை கேட்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த உரிமை இல்லை. நம்மால் முடிந்தது காலத்தோடு சொல்வது. ஒரு தேக்கு நிலை கழன்று போனால் எந்தத் தீர்ப்பாலும் அது திரும்ப வராது. அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். நகலை ஊர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். அதில் மற்றவர்களின் முகவரி, அடையாள எண் எல்லாம் இருக்கும்.

நமக்கு நேரடியாக உரிமை இருப்பது நான்கெல்லையில். புதுப் பத்திரத்தில் உங்கள் பக்கத்துச் சுவரை பொதுச்சுவர் என்று எழுதியிருக்கிறதா, முழுவதும் தன்னுடையது என்று எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். அளவு கூடியிருந்தால் உடனே வக்கீலைப் பாருங்கள்.

சேர்ப்பு: பள்ளத்தூரிலிருந்து ஒருவர், வீட்டு வரி ரசீது புதியவர் பெயரில் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டார். போதாது. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது, பட்டா மட்டும் இருந்தாலும் அப்படித்தான்.

இன்னொரு சேர்ப்பு: 1975-க்கு முந்தைய பாகப்பிரிவினை இணையத்தில் கிடைக்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். பழைய சர்வே எண்ணோடு குடும்பப் பெரியவர் பெயரையும் தந்தை பெயரையும் எழுதிக் கொடுங்கள். நம் ஊர்களில் ஒரே பெயர் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இருக்கும், தந்தை பெயர் இல்லாமல் தேடினால் வேறு வீட்டுப் பத்திரம் கைக்கு வந்துவிடும்.