செத்த மாட்டுக்குத் தீவனம் கேட்கும் அப்டேட்

போன வாரம் எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரு அக்கா லேப்டாப்போடு வந்தார். "தம்பி, குரோம் பழசாயிடுச்சுன்னு வந்துச்சு, அப்டேட் பண்ணேன். அப்புறம் ஒரே விளம்பரமா கொட்டுது" என்றார். டவுன்லோட்ஸைத் திறந்தேன். சமையல் குறிப்புத் தளம் ஒன்றிலிருந்து இறங்கிய ஜிப் ஃபைல் உட்கார்ந்திருந்தது. அதுதான் அக்கா போட்ட போலி 'அப்டேட்'.

குரோம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஃபைல் எதையும் இறக்கச் சொல்லாது. சந்தேகம் வந்தால் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, உதவி, 'கூகுள் குரோம் பற்றி' என்று போங்கள். அதுவே சரிபார்த்துச் சொல்லும். விண்டோஸுக்கு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு பிளே ஸ்டோர்.

ஒரு காலத்தில் இணையத்தில் வீடியோ, விளையாட்டுகளை ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய் என்று வந்தால் சிரித்துவிட்டு மூடுங்கள். அடோபி அதை 2020 டிசம்பர் 31-உடன் கைவிட்டது. செத்த மாட்டுக்கு எதற்குத் தீவனம்?

மூடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அப்டேட் செய்யச் சொல்லி வரும் பெட்டியிலுள்ள 'கேன்சல்', பெருக்கல் குறி எதையும் தொடாதீர்கள். அவையும் பொறியாக இருக்கலாம். டேபையே மூடுங்கள். திரையை அடைத்துக்கொண்டு நகர மறுத்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால், வேண்டாம்.

'விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி இதை ஒட்டுங்கள்' என்று ஒரு பக்கம் வழிகாட்டினால் அது உங்கள் கையாலேயே கெட்ட கட்டளையை ஓட்டவைக்கும் திருடனேதான்.

ஏற்கெனவே அந்த ஃபைலை ஓட்டிவிட்டீர்களா? உடனே வைஃபையைத் துண்டியுங்கள். வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அக்காவுக்கும் முதலில் அதைத்தான் செய்தோம், அவருடைய மகளின் போனில்.