சிறு போர் டிரோனின் எல்லை: செம்பனைத் தோட்டத்தில் கணக்குப் போடும் முறை

இனிவரும் போர்களை டிரோன்களே முடித்துவிடும் என்கிறார்கள். அதைச் சோதிக்க மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் ஒன்று போதும். போர்க்களத்துத் தடைகளில் பாதி இங்கேயே இருக்கிறது.

முதலில் எடை. நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, காற்றில்லாத காலையில் திடலில் சாதாரண கேமரா டிரோனை 2 மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். பேட்டரியின் ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை நேரம் குறியுங்கள். சுமை ஏற்ற வேண்டாம், கணக்கே போதும். மொத்த எடை ஒன்றரை மடங்கானால் மின்தேவை சுமார் 1.84 மடங்கு, 20 நிமிடம் பறந்தது 11 நிமிடத்தில் இறங்கிவிடும்.

அடுத்து காற்று. காற்று வீசாதபோது வினாடிக்கு 15 மீட்டர் போகும் டிரோன், வினாடிக்கு 8 மீட்டர் எதிர்க்காற்றில் 1 கிலோமீட்டர் கடக்க 143 வினாடி எடுக்கும். காற்றோடு போனால் 43தான். காற்றோடு போகும் வழியை மட்டும் பார்த்து, எதிர்க்காற்றில் திரும்புவதை மறந்துதான் பலர் டிரோனை இழக்கிறார்கள்.

சிக்னல்தான் பெரிய சிக்கல். 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் வரும் கேமரா காட்சி 1 கிலோமீட்டர் நன்றாகச் சேர, டிரோனுக்கும் ஓட்டுபவருக்கும் இடையிலான நேர்கோட்டின் நடுவில், அதைச் சுற்றி 3.6 மீட்டர் ஆரத்துக்கு வெட்டவெளி வேண்டும். முதிர்ந்த செம்பனை வரிசைக்குப் பின்னால் தாழ இறக்கிப் பாருங்கள், படம் உடையும். மழையில் நனைந்த மட்டை என்றால் இன்னும் மோசம். போரில் இலக்கு பெரும்பாலும் தரையில்தான் இருக்கும். ஆகவே மிகவும் தேவைப்படும் கடைசி நொடிகளில்தான் படம் போகும். சிக்னலைக் குலைக்கும் கருவியான ஜாமர் வேறு. அதைத் தாண்டத்தான் உக்ரைன் போரில் ரேடியோவுக்குப் பதில் சிக்னலைக் கடத்தும் மெல்லிய கண்ணாடியிழையை இழுத்துப் பறக்கும் டிரோன்கள் வந்தன. அந்த இழைச் சுருளே ஒரு சுமை. மரத்தில் சிக்கினால் அறுந்துவிடலாம்.

ஜாமரை மட்டும் இங்கே சோதிக்காதீர்கள், அது குற்றம்.