ஒரு கடைவாய்ப்பல்லுக்கு உடம்பு கட்டாதீர்கள்

போன மாதம் எங்கள் புதைபடிவ ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர், அழிந்துபோன ராட்சத வாலில்லாக் குரங்கான ஜைகாண்டோபிதிகஸின் பல்லின் பிளாஸ்டர் அச்சைக் கையில் ஏந்திக்கொண்டு, "மூணு மீட்டர் இருந்திருக்கும், இல்லையா சார்?" என்றார். எனக்குச் சுரீரென்றது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பல்லுக்கு எண் போடுவது, பெட்டியில் பஞ்சு வைப்பது எல்லாம் இங்கே வேண்டாம். அவை இரண்டே நாளில் கைவந்துவிடும். புதியவர்கள் பல்லை வைத்துச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பல்லை வைத்து உயரம் சொல்வது

இந்தக் குரங்கு அறிவியலுக்குக் கிடைத்ததே மருந்துக் கடையில்தான். 1935-ல் புதைபடிவ ஆய்வாளர் கோனிக்ஸ்வால்டு ஹாங்காங்கில் 'டிராகன் பல்' என்று விற்ற சரக்கில் பெரிய கடைவாய்ப்பல் ஒன்றைக் கண்டார். அதன்பின் சேர்ந்தவை நாலு கீழ்த்தாடைகளும் சுமார் 2,000 பற்களும். கை, கால் எலும்பு ஒன்றுகூட இல்லை. பல பற்களுக்கு வேரே கிடையாது, முள்ளம்பன்றிகள் கொறித்துவிட்டன.

நான் கொரில்லாவின் பல்லுக்கும் உடம்புக்கும் உள்ள விகிதத்தை எடுத்து இதற்குப் போட்டேன். வந்த எண்ணை ஒரு கண்காட்சிக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அதை நம்பி மூன்று மீட்டரில் உருவமே செய்து நிறுத்திவிட்டார்கள். பார்க்க வந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தொடை எலும்பு எங்கே கிடைச்சது?" என்று மட்டும் கேட்டார். உருவத்தைக் கழற்றி இறக்கும்போது ஒரு பக்கம் நானும் பிடித்தேன்.

பல்லின் அளவை உடம்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, தீனியும் தீர்மானிக்கிறது. ஆப்பிரிக்காவில் வாழ்ந்து அழிந்த, மனிதனுக்கு உறவான பரந்த்ரோபஸ் பாய்சிக்குக் கடைவாய்ப்பற்களின் பரப்பு நம்முடையதைப்போல் இருமடங்குக்கு மேல். எடையோ ஆணுக்கே சுமார் 50 கிலோ. ஜைகாண்டோபிதிகஸும் தடித்த எனாமலோடு தாவரங்களை அரைத்துத் தின்றதுதான். போதாததற்கு, நான் பிடித்த கொரில்லாவே தப்பான ஆள். குவாங்சி குகையில் கிடைத்த 19 லட்சம் ஆண்டுப் பழைய பல்லின் எனாமல் புரதத்தை 2019-ல் படித்தபோது, நெருங்கிய சொந்தம் ஒராங்குட்டான் என்று தெரிந்தது.

உயரம் எழுதியே ஆகவேண்டுமா? எந்த விலங்கின் விகிதம் என்பதையும், குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த வரி இல்லாத அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சின்னப் பல் ஒரு இனம், பெரிய பல் வேறு இனம் என்பது

ஒரே இனத்தில் பெரிய பல்லோடு ஆணும் சின்னப் பல்லோடு பெண்ணும் இருந்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சிவாலிக் மலையில் கிடைத்த ராமாபிதிகஸ் மனிதனின் மூதாதை என்று பல ஆண்டுகள் கொண்டாடப்பட்டது; கடைசியில் சிவாபிதிகஸ் என்ற பழைய வாலில்லாக் குரங்குக்குள் போய் ஒடுங்கியது.

தேய்ந்த பல்லைப் பார்த்ததும் பெயர் வைப்பது

1922, அமெரிக்காவின் நெப்ராஸ்கா: தேய்ந்த ஒரே பல்லைப் பார்த்து, புதிய மனிதக்குரங்கு என்று ஹெஸ்பெரோபிதிகஸ் எனப் பெயர் வைத்தார்கள். 1927-ல் அது பன்றிக்கு உறவான பெக்கரி ஆயிற்று.

தேய்மானத்தைக் குறிக்காமல் அளவு எழுதுவது

அளக்காமலே இருந்திருக்கலாம்.