துஞ்சோக் செபாப் கடிதம் வந்தால் என்ன செய்வது?

துஞ்சோக் செபாப் என்றால், உங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு வரும் கடிதம். மலேசியாவில் அரசாங்க வேலையில் இருப்பவர்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் அதற்குப் பதிலைக் கொடுத்துவிட்ட பிறகுதான். பினாங்கு உயர்நீதிமன்றம் இருக்கும் லெபோ லைட் பக்கம்தான் என் ஆபீஸ். "ஸாரின்னு இரண்டு வரி எழுதிக் கொடு, முடிஞ்சிரும்னு பாஸ் சொன்னாரு லாயர்" என்பார்கள். முடியாது. அந்த இரண்டு வரி, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே ஃபைலில் ஏறும்.

கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். 1993-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிகளின்படி பதில் எழுத 21 நாள் உண்டு. நின்ற நிலையில் எழுதித் தரச் சொன்னால் தராதீர்கள்.

அப்புறம் பென்சிலோடு உட்கார்ந்து குற்றச்சாட்டைப் படியுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், என்ன செயல், எந்த விதி? "பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார்" என்று மொட்டையாக இருந்தால், விவரம் கேட்டு அன்றைக்கே எழுதுங்கள். ஆனால் 21 நாள் ஓடிக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி விவரமில்லாத கடிதம் எழுதும் துறைத் தலைவர்களை முதலில் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று நானும் வருஷக்கணக்காகக் கத்துகிறேன்.

உங்களுக்கு எதிராக வைத்திருக்கும் அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். பணிநீக்கம் செய்யப்பட்ட போலீஸ் இன்ஸ்பெக்டர் சூரிந்தர் சிங் கண்டாவின் வழக்கில், விசாரணைக் குழுவின் அறிக்கை தீர்ப்பளித்த அதிகாரி கையில் இருந்தது, கண்டாவுக்குக் காட்டப்படவில்லை. 1962-இல், அப்போது நமக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்தப் பணிநீக்கம் செல்லாது என்றது.

இனி பதில். விளக்கம் கேட்காமல் பதவி நீக்கவோ இறக்கவோ கூடாது என்கிறது அரசியலமைப்பின் 135(2). நேரில் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் அந்தக் கடிதம்தான் உங்கள் விசாரணை. உங்கள் முகத்தையே பார்க்காத நாலு பேர் அதைப் படித்து முடிவு செய்வார்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக 'மறுக்கிறேன்' அல்லது 'ஏற்கிறேன், காரணம் இது' என்று எழுதுங்கள். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), வருகை பதியும் பஞ்ச் கார்டு நகல், மேலதிகாரி அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எண் போட்டு இணையுங்கள். முதலில் தமிழில் யோசித்து எழுதிவிட்டு மலாயில் மாற்றினால் கோபம் பாதி வடிந்திருக்கும்.

குற்றச்சாட்டை மறுத்தாலும் தண்டனையைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். எச்சரிக்கை, அபராதம், சம்பள உயர்வு தள்ளிவைப்பு, சம்பளக் குறைப்பு, பதவி இறக்கம் என்று எத்தனையோ படி இருக்கிறது, பணிநீக்கம் கடைசி. எத்தனை வருஷ சேவை, சிறந்த சேவை விருது வாங்கியது, யாரெல்லாம் உங்களை நம்பி இருக்கிறார்கள் என்பதை அங்கே சொல்லுங்கள். தான் தெக் செங் என்ற பள்ளித் துணைத் தலைமையாசிரியரின் வழக்கில், 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பணிநீக்கத்தைப் பதவி இறக்கமாக மாற்றியது. பிழைப்பும் உயிர் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதியது அந்தத் தீர்ப்பில்தான்.

பதிலைத் துறைத் தலைவர் ஆபீஸில் கொடுக்கும்போது, உங்கள் நகலில் தேதியோடு 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) என்ற சாப்பு, அதாவது முத்திரை, குத்தி வாங்குங்கள். கவுன்டரில் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முடிவு பாதகமாக வந்தால், 14 நாளுக்குள் எழுத்தில் மேல்முறையீடு, அதுவும் துறைத் தலைவர் வழியாகவே. அந்த முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் சீராய்வுக்கு, முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதம். லாயரைப் பார்க்க மூன்றாவது மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வராதீர்கள்.