பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவு மன்றம் தொடங்கி நடத்தும் முறை

மாணவர்களின் தொழில்முனைவு மன்றங்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்குகின்றன. திறப்பு விழா நடக்கிறது. பெயர்பெற்ற நிறுவனர் ஒருவர் வந்து பேசுகிறார். பரிசுப் போட்டி அறிவிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டில் கூட்டம் பாதியாகிறது. அதற்கடுத்த ஆண்டில் மன்றம் பெயரளவில்தான் இருக்கிறது. இதற்குப் பணக்குறைவையோ ஆர்வக்குறைவையோ காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் மாணவரைப் பார்வையாளராக உட்காரவைக்கும் மன்றத்துக்கு அவர் மறுபடி வருவதற்கான தேவையே இல்லை என்பதுதான் உண்மையான காரணம். தம் யோசனையோடு அறிமுகமில்லாத ஒருவரைச் சந்தித்து, அது அவருக்குப் பயன்படுமா, அதற்கு அவர் பணம் தருவாரா என்று மாணவர் தாமே சோதித்துப் பார்க்கும்படி செய்வதே இத்தகைய மன்றத்தின் வேலை. விழாவும் போட்டியும் சிறப்புரையும் அந்த வேலைக்குத் துணைநிற்கும் அளவுக்கு இடம்பெற்றால் போதும்.

தொடக்கக் குழு

ஐந்தாறு பேர் போதும். ஆனால் அவர்கள் ஒரே துறையினராக இருக்கக் கூடாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1990ஆம் ஆண்டில் 10,000 டாலர் பரிசோடு தொடங்கி, பின்னர் 1,00,000 டாலர் போட்டியாக வளர்ந்த மாணவர் போட்டியை உருவாக்கியவை இரண்டு மாணவர் அமைப்புகள். அவற்றுள் ஒன்று அக்கழகத்தின் தொழில்முனைவோர் மன்றம். மற்றது மேலாண்மைப் பள்ளி மாணவர்களின் அமைப்பு. பொருளைச் செய்யத் தெரிந்தவர்களுக்கும் அதை விற்கத் தெரிந்தவர்களுக்கும் பல்கலைக்கழகத்தில் பொதுவான இடம் இயல்பாக அமைவதில்லை. அந்த இடத்தை மன்றம்தான் உண்டாக்க வேண்டும். ஆகவே கணினித் துறையோடு நின்றுவிடாமல் வேதியியல், சட்டம், வேளாண்மை, வடிவமைப்பு எனப் பல வகுப்பறைகளுக்கும் நேரில் சென்று ஆள் சேர்க்க வேண்டும். உறுப்பினராவதற்குத் தொழில் யோசனை ஒன்று கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒருபோதும் வைக்கலாகாது. பிறருடைய யோசனையில் சேர்ந்து உழைக்க விரும்புவோர்தான் எந்த மன்றத்திலும் பெரும்பான்மையினர்.

பல்கலைக்கழகத்தின் ஏற்பைப் பெறுவதற்குப் பொறுப்பாசிரியர் ஒருவரும், நோக்கம், பொறுப்புகள், தேர்தல், கணக்கு ஆகியவற்றைச் சொல்லும் இரண்டு பக்கச் சட்டதிட்டமும் போதும். அறைகளை எளிதில் ஒதுக்கித் தரக்கூடிய, நிகழ்ச்சிகளின் உள்ளடக்கத்தில் தலையிடாத ஆசிரியரே பொறுப்பாசிரியராக அமைவது நல்லது; அவருக்குத் தொழில் அனுபவம் இருப்பது கூடுதல் வசதிதான், கட்டாயமன்று.

வாரக் கூட்டம்

மன்றத்தின் உயிர் வாரக் கூட்டத்தில் இருக்கிறது. ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அறை என்று முடிவு செய்து, தேர்வுக் காலம் தவிர மற்ற எல்லா வாரங்களிலும் அதை நடத்த வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்க விடக் கூடாது. ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்ல வேண்டும்: சென்ற வாரம் யாரைச் சந்தித்தீர்கள், அவர்களிடமிருந்து எதைத் தெரிந்துகொண்டீர்கள், வரும் வாரம் யாரைச் சந்திக்கப் போகிறீர்கள். சந்திப்பு எதுவும் நடக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். கண்டிப்பு எதுவும் தேவையில்லை. பிற குழுக்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே போதிய தூண்டுதலாகும்.

அறிமுகமில்லாதவரிடம் பேசுவது பெரும்பாலான மாணவர்களுக்குத் தயக்கம் தரும் செயல் என்பதால், முதல் ஒரு மாதத்தை அதற்கான பயிற்சிக்கே ஒதுக்குவது தகும். பழைய பாடப்புத்தகங்களை மாணவர்களிடையே விற்கவும் வாங்கவும் உதவும் செயலியை ஒரு குழு உருவாக்க விரும்புவதாகக் கொள்வோம். 'இப்படி ஒரு செயலி இருந்தால் பயன்படுத்துவீர்களா?' என்று கேட்டால், கேட்கப்பட்டவர் மரியாதைக்காக 'ஆம்' என்பார். அந்த விடையால் எந்தப் பயனும் இல்லை. 'சென்ற பருவத்தில் புத்தகங்களை எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், பழைய புத்தகங்களை என்ன செய்தீர்கள், அதில் எது எரிச்சலூட்டியது?' என்று நடந்தவற்றைப் பற்றிக் கேட்கும்போதுதான் உண்மை வெளிப்படும். பாதிப் பேர் மின்வடிவப் பிரதிகளையே படிக்கிறார்கள் என்பதும், எஞ்சியவர்களுக்கு மூத்த மாணவர்கள் புத்தகங்களை இலவசமாகவே தந்துவிடுகிறார்கள் என்பதும் தெரியவந்தால், ஆறு மாத நிரலாக்க உழைப்பு மிச்சமாகும். பேசப் போகிறவர் இருவராகச் செல்வது நல்லது: ஒருவர் கேட்க, மற்றவர் சொற்கள் மாறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். தங்கள் யோசனையை விளக்கத் தொடங்கும் ஆசையை இருவரும் உரையாடலின் கடைசிவரை அடக்கிக்கொள்ள வேண்டும். அனுபவத்தில் இதுதான் எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது.

எத்தனை பேரிடம் பேசுவது என்ற கேள்வி எழும். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் ஆராய்ச்சியாளர்களுக்காகத் தொடங்கிய ஐ-கோர் பயிற்சி, ஏறத்தாழ ஏழு வாரங்களில் 100 பேரைச் சந்திக்கும்படி ஒவ்வொரு குழுவிடமும் எதிர்பார்க்கிறது. பாடச்சுமையோடு இயங்கும் மாணவர்களுக்கு அது மிகை; வாரத்துக்கு மூன்று பேர் என்ற அளவு நடைமுறைக்கு ஏற்றது.

போட்டிகளும் நிகழ்ச்சிகளும்

ஒரு பருவத்துக்கு ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு 2007இல் தொடங்கப்பட்ட ஸ்டார்ட்அப் வீக்எண்ட் முறையே எளிய மாதிரி: வெள்ளி மாலை யோசனைகளை ஒரு நிமிடத்தில் முன்வைத்து, வாக்களித்துக் குழு சேர்ந்து, ஞாயிறு இரவு வரை 54 மணி நேரத்தில் முன்மாதிரி ஒன்றை உருவாக்கிக் காட்டுவது. இதை நடத்தும்போது சனிக்கிழமை நண்பகலுக்குள் ஒவ்வொரு குழுவும் கட்டடத்தை விட்டு வெளியேறி வாடிக்கையாளராகக்கூடியவர்களைச் சந்தித்துத் திரும்ப வேண்டும் என்ற விதியைச் சேர்த்தால், நிகழ்ச்சி மேடைப் பேச்சுப் போட்டியாகச் சுருங்கிவிடாது.

நடுவர்களின் முடிவுக்கு அளவுக்கு மீறிய மதிப்புத் தர வேண்டியதில்லை. முன்னர் சொன்ன மாசசூசெட்ஸ் போட்டியில் 1998ஆம் ஆண்டு இறுதிச் சுற்றுக்கு வந்தும் பரிசு பெறாத குழுக்களுள் ஒன்று, இணையத்தள உள்ளடக்கத்தை உலகெங்கும் விரைவாகக் கொண்டுசேர்க்கும் அகமாய் நிறுவனமாக அதே ஆண்டில் உருவெடுத்தது. பரிசுத் தொகையை ஒரே குழுவுக்கு மொத்தமாகக் கொடுப்பதைவிட, பல குழுக்களுக்குச் சிறு தொகைகளாகப் பிரித்து, முதல் பகுதியை எதில் செலவழித்தார்கள், எதைக் கற்றார்கள் என்று காட்டிய பிறகு அடுத்த பகுதியை வழங்குவதே மேல்.

வழிகாட்டிகளும் பணமும்

வழிகாட்டிகளை அழைப்பது எளிது, பயன்படுத்துவதுதான் கடினம். மாதத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிடம் என்று வரையறுத்து, கேட்க வேண்டிய கேள்வியை முந்தைய நாளே எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். மூன்று வழிகாட்டிகள் மூன்று திசைகளைக் காட்டுவார்கள் என்பதை மாணவர்களுக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது; அவர்களுடைய கருத்தைவிட, அவர்கள் நேரில் கண்டதும் செய்ததும் பயன் மிக்கவை. மன்றத்தின் வழியாக அறிமுகமான வழிகாட்டி, ஆலோசனைக்கு ஈடாக மாணவர் நிறுவனத்தில் பங்கு கேட்கக் கூடாது என்பதைச் சட்டதிட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, வாரக் கூட்டத்துக்குச் செலவே இல்லை. நிகழ்ச்சிகளுக்கு ஆதரவாளர்களைத் தேடும்போது அவர்கள் எதிர்பார்ப்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். உறுப்பினர்களின் தொடர்பு விவரங்களை அவர்களிடம் ஒப்படைக்கலாகாது. வங்கிக் கணக்கை இருவர் கையொப்பத்தில் இயக்க வேண்டும்.

யோசனை யாருக்குச் சொந்தம்

பல மன்றங்கள் தொடாமல் விட்டுவிடும் இந்தப் பகுதிதான் பின்னாளில் நட்புகளை முறிக்கிறது. முதலில், பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையை எல்லோரும் படிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தையும் ஆராய்ச்சி நிதியையும் பயன்படுத்தி உருவாக்கியவற்றின் மீது பல்கலைக்கழகங்கள் உரிமை கோருவது வழக்கம். கூகுள் நிறுவனத்தின் அடிப்படையான தேடல் முறைக்குரிய காப்புரிமை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடமே இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமத்துக்காகப் பெற்ற பங்குகளை விற்று அப்பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 33.6 கோடி டாலர் ஈட்டியது. இதில் அநீதி எதுவும் இல்லை. ஆனால் இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அடுத்தது, மேடையில் பேசுவதால் வரும் இடர். ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பிப்பதற்கு முன் கண்டுபிடிப்பைப் பொதுவெளியில் வெளியிட்டுவிட்டால் அது புதுமை என்ற தகுதியைப் பொதுவாக இழக்கிறது. அமெரிக்கச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருகிறது. எல்லோருக்கும் திறந்திருக்கும் மன்றத்தின் போட்டி மேடையும் பொதுவெளிதான். காப்புரிமைக்குத் தகுதியான தொழில்நுட்பம் கையில் உள்ள குழு, அது எப்படி இயங்குகிறது என்பதை விளக்காமல், எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்பதை மட்டும் மேடையில் சொல்லும்படி அறிவுறுத்த வேண்டும். காப்புரிமைக்கு இடமே இல்லாத சாதாரண யோசனைகளை ரகசியமாகப் பொத்திவைப்பதால் பயன் எதுவும் கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, கூட்டாளிகளுக்கிடையே பங்குப் பிரிவினை. பட்டம் முடிந்ததும் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விடுவது மாணவர் நிறுவனங்களில் மிக இயல்பு. அதனால்தான் பங்குகள் முழுவதையும் முதல் நாளே கொடுக்காமல், நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகும்படியும், முதல் ஓராண்டு முடியும் முன் விலகுபவருக்கு எதுவும் சேராதபடியும் ஒப்பந்தம் செய்வது தொழில்நுட்ப நிறுவனங்களில் பரவலான முறையாகியிருக்கிறது. இதை விளக்க ஆண்டுக்கு ஒருமுறை வழக்கறிஞர் ஒருவரை அழைப்பது, பத்துச் சிறப்புரைகளைவிடப் பயன் தரும்.

எதை எண்ணுவது

விழாவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை மன்றத்தின் நிலையைக் காட்டாது. எத்தனை குழுக்கள் முதல் விற்பனையைச் செய்தன, எத்தனை குழுக்கள் தக்க காரணத்தோடு தம் யோசனையைக் கைவிட்டன என்ற இரண்டையும் பதிவு செய்தால் போதும். கைவிடுவதை மறைக்காமல் பேசும் பழக்கத்துக்குப் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மாணவர்கள் 2010இல் வழிகாட்டினார்கள்; அவர்கள் தொடங்கிய தோல்வி நாள் அக்டோபர் 13ஆம் தேதி கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளில் கைவிட்ட குழுக்களைப் பேசவைப்பதற்கு அறை ஒன்று மட்டும் இருந்தால் போதும்.

பொறுப்பை ஒப்படைத்தல்

மாணவர் அமைப்பில் அனுபவசாலிகள் அனைவரும் ஆண்டுதோறும் வெளியேறிவிடுகிறார்கள். எனவே தேர்தலை இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே நடத்தி, பழைய குழுவும் புதிய குழுவும் அந்த இடைக்காலத்தில் சேர்ந்து இயங்க வேண்டும். ஆதரவாளர்கள், வழிகாட்டிகள் ஆகியோரின் பட்டியலும், ஒவ்வொரு நிகழ்ச்சியின் வரவுசெலவும், எது சரியாக நடக்கவில்லை என்ற குறிப்பும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். மின்னஞ்சலும் சமூக ஊடகக் கணக்குகளும் தனிநபர் பெயரில் இல்லாமல் மன்றத்தின் பெயரில் இருக்க வேண்டும். முக்கிய ஆதரவாளர்களிடம் புதிய தலைவரைப் பழைய தலைவர் நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்த வேண்டும். வங்கிக் கையொப்பங்களையும் கடவுச்சொற்களையும் மாற்றும் வேலையைப் பழைய பொருளாளர் பல்கலைக்கழகத்தை விட்டுச் செல்லும் முன் முடித்துவிட வேண்டும். அவர் சென்ற பிறகு அது மாதக்கணக்கில் இழுக்கும்.