வோல்ட், ஆம்பியர் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கங்களில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மோட்டார் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஓம் விதி மனப்பாடமாகத் தெரிகிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் மின்திறன் என்பதில் யாரும் தடுமாறுவதில்லை. மில்லி ஆம்பியரை ஆம்பியராக மாற்ற மறப்பது போன்ற சறுக்கல்கள் ஒரு முறை சொன்னாலே திருந்திவிடும் என்பதால், அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. சூத்திரம் சரியாக இருந்தும், பொருந்தாத இடத்தில் அதைப் போடுவதால் வரும் தவறுகள்தாம் விவசாயியின் பணத்தையும் பயிரையும் கொண்டுபோகின்றன. எங்கள் தலைமுறை தொழில் பழகியபோது செய்த அதே தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் ஆம்பியரும் குறையும் என்று நம்புவது

அணைக்கட்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், அறுநூறு அடி போரில் இறக்கியிருந்த 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்துபோனதாக அழைத்திருந்தார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தபோது கதவின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு கணக்கு எழுதியிருந்தது: 415 வகுத்தல் 8, விடை 52 ஓம், அதன் கீழே 340 வகுத்தல் 52, விடை 6.5 ஆம்பியர். கோடையில் வோல்டேஜ் 340க்கு இறங்கியதும், ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகியிருக்கிறது. முன்பு பார்க்க வந்த இளைஞர், 6.5 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 8இல் வைத்த ரிலே விழுகிறது என்றால் ரிலேதான் பழுது என்று முடிவுகட்டி, அதன் திருகை 11க்கு ஏற்றிவிட்டுப் போயிருந்தார். அந்த வாரமே மோட்டார் நின்றுவிட்டது. பைப் பைப்பாகக் கழற்றி மேலே தூக்கிப் பார்த்தபோது, காயில் கம்பியின் பிளாஸ்டிக் உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. “கணக்குப் போட்டுத்தாங்க சொன்னாரு அந்தத் தம்பி” என்றார் தோட்டக்காரர்.

வகுத்தலில் பிழையே இல்லை. மோட்டாரை ஒரு மின்தடையாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. 1827இல் ஓம் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாத ஒரு கடத்திக்குப் பொருந்துவது. இண்டக்‌ஷன் மோட்டார் அப்படிப்பட்டதன்று. அதன் வேகத்தைப் பெரும்பாலும் சப்ளையின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் தீர்மானிப்பதால், வோல்டேஜ் குறைந்தாலும் அது ஏறத்தாழ அதே வேகத்தில் சுற்றி, அதே தண்ணீரை அதே உயரத்துக்குத் தூக்கியாக வேண்டியிருக்கிறது. தேவைப்படும் திறன் பெரிதாகக் குறையாதபோது, வோல்டேஜில் விழுந்த பள்ளத்தை ஆம்பியர் ஏறித்தான் நிரப்பும். 8ஐ 415ஆல் பெருக்கி 340ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9.8 ஆம்பியர் வருகிறது. பென்சில் கணக்குக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். காயிலில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 9.8 ஆம்பியரில் அது வழக்கத்தைப் போல் ஒன்றரை மடங்காகிறது.

ஓம் விதி உண்மையாகவே பொருந்தும் இடம் அங்கே ஒன்று இருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அது கேபிள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம் என்று வைத்தால், அறுநூறு அடிக்கு ஒரு கம்பியில் 1.35 ஓம் வரும். 9.8 ஆம்பியர் ஓடும்போது, மூன்று ஃபேஸ் கணக்கில் (1.732ஆல் பெருக்கி) லைனுக்கு 23 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். ஸ்டார்ட்டரில் 340 காட்டினாலும் கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 317தான். ஆகவே ஆம்பியர் இன்னும் கொஞ்சம் ஏறும்.

ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. காவலுக்கு இருந்ததன் வாயைக் கட்டிவிட்டு மோட்டாரை எரியவிடும் இந்தப் பழக்கம் எனக்கு இன்றுவரை எரிச்சலைத் தருகிறது. கம்பியை வெட்டாமல் சுற்றிப் பிடித்தே ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்திருந்தால் முள் 10 ஆம்பியரை நெருங்கி நின்றிருக்கும். ரிலே விழுந்தால், மோட்டார் ஓடும்போதே மூன்று லைன்களுக்கு இடையிலும் வோல்டேஜை அளந்து பாருங்கள். பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு மேல் ரிலேயை ஏற்றாதீர்கள். வோல்டேஜ் போதாத நேரத்தில் மோட்டாரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கேபிள் மெலிதாக இருந்தால் அடுத்த முறை தூக்கும்போது 4 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

வி.ஏ.வை வாட் என்று சொல்வது

அதே மோட்டாரில் 415, 8, மூன்றின் வர்க்கமூலமான 1.732 ஆகியவற்றைப் பெருக்கினால் 5,750 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) வரும். திறன் காரணி (வி.ஏ.வில் வாட்டாகும் பங்கு) 0.82 என்றால் உண்மையில் செலவாவது 4,715 வாட். அதிலும் தண்டில் கிடைப்பது 5 எச்.பி.க்கு உரிய 3,730 வாட் மட்டுமே. மின் கட்டணத்தையும் ஜெனரேட்டரின் அளவையும் பேசும்போது இந்த மூன்றில் எதைச் சொல்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

சூடேற்றும் சாதனத்தில் வாட்டை நேர்விகிதத்தில் குறைப்பது

230 வோல்ட்டில் 1,000 வாட் எடுக்கும் இஸ்திரிப்பெட்டி 200 வோல்ட்டில் 870 வாட் எடுக்கும் என்பார்கள். மின்தடை 52.9 ஓமாகவே இருப்பதால், 200இன் இருமடியை அதனால் வகுக்க வேண்டும். விடை 756 வாட்.

குண்டு பல்பை ஓம் பார்த்து வாட் கணக்கிடுவது

100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். ஆறியிருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இஸ்திரிப்பெட்டியின் நிக்ரோம் கம்பியில் இந்த வேறுபாடு மிகச் சிறியது.

டாங் டெஸ்டரில் கேபிளை முழுதாகப் பிடிப்பது

பூஜ்யம்தான் காட்டும். ஒரு கம்பியை மட்டும் பிடியுங்கள்.

சப்ளை இருக்கும்போது ஓம் பார்ப்பது

கூடவே கூடாது.

நல்ல காயிலை ஷார்ட் என்று கழற்றுவது

பெயர்ப்பலகையை வைத்து 52 ஓம் எதிர்பார்த்தவர், மீட்டரில் சில ஓம்களைப் பார்த்ததும் மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்பிவிடுகிறார். ஓடும் மோட்டாரின் மின்னோட்டத்தைக் காயிலின் மின்தடை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. அதனால் அந்த 52ஐ மீட்டரில் தேடிப் பயனில்லை. மோட்டாரின் மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக அளந்து, மூன்று ஜோடிகளிலும் ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். பிறகு மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) காயிலுக்கும் பாடிக்கும் இடையே இன்சுலேஷனைச் சோதியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மோட்டாரைப் பிரிக்காமல் கேபிள் ஜாயிண்டையும் ஸ்டார்ட்டர் கான்டாக்டுகளையும் பாருங்கள்.