காஸியான்டெப்பில் ஒரு நாள்: மொசைக், செம்பு, பிஸ்தா

துருக்கிக்குப் போகிறவர்களில் பலர் இஸ்தான்புல்லோடு திரும்பிவிடுகிறார்கள். முடிந்தால் தென்கிழக்கே, சிரிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் காஸியான்டெப்புக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். உணவுக்காக 2015-இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்களில் சேர்ந்த ஊர் இது.

முதல் வேலை, விடுதியில் சாப்பிடாமல் வெளியே வருவது. இங்கே காலையில் கட்மெர் கிடைக்கும். கண்ணாடி போல மெல்லிசாக வீசி விரித்த மாவுக்குள் பாலாடை, பிஸ்தா, சர்க்கரை வைத்து மடித்துச் சுடுவார்கள். புதுமணத் தம்பதிக்கு மறுநாள் காலையில் தருவதும் இதைத்தான். இருவருக்கு ஒன்று போதும்.

வயிறு நிறைந்ததும் ஸியூக்மா மொசைக் அருங்காட்சியகம். யூப்ரடீஸ் கரையிலிருந்த ஸியூக்மா என்ற பழைய நகரத்தின் ஒரு பகுதி, 2000-இல் பிரெஜிக் அணை நீரில் மூழ்கியது. அதற்கு முன் அவசர அவசரமாகத் தோண்டி மீட்ட மொசைக்குகள், அதாவது சிறு கற்களைப் பதித்துச் செய்த தரைச் சித்திரங்கள் பல இங்கே இருக்கின்றன. அவற்றில் 'ஜிப்சிப் பெண்' என்று அழைக்கப்படும் முகத்தை இருட்டறையில் தனியாக வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். நீங்கள் நகர நகர அந்தக் கண்களும் கூடவே வருவது போல இருக்கும்.

அப்புறம் செம்புக் கடைத்தெரு, பக்கிர்ஜிலார் சார்ஷிசி. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கண்ணுக்குத் தெரியும் முன்பே சுத்தியல் சத்தம் கேட்டுவிடும். வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். கையால் அடித்த பாத்திரத்தில் தட்டிய தடங்கள் ஒன்றுபோல இருக்காது. அச்சில் வார்த்தது போல ஒரே சீராக இருந்தால் அது பெரும்பாலும் இயந்திர வேலை. அடுத்து, கையில் தூக்கிப் பாருங்கள். தகடு மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் நசுங்கும். கடைசியாக உட்புறம். சமைக்கப் போகிறீர்கள் என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் புளிப்பு பட்டதும் செம்பு உணவில் இறங்கும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால் வீட்டுக்கு வந்தபின் வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவைக்காதீர்கள். கிளற மரக்கரண்டி போதும். விலையைத் தயங்காமல் பேசிக் கேளுங்கள், ஆனால் ஒரு நாள் முழுக்க உளி பிடித்துச் செதுக்கிய தட்டைப் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். அது அந்தக் கைக்குச் செய்யும் அநியாயம்.

கால் ஓய்ந்ததும் தஹ்மிஸ் காபிக் கடைக்குப் போங்கள். 1635-இல் தொடங்கியது. அங்கே மெனெங்கிச் கேளுங்கள். பெயர்தான் காபி, காட்டுப் பிஸ்தாவை வறுத்து அரைத்துக் காய்ச்சுவது, கஃபீன் கிடையாது.

மெல்லிய மாவை அடுக்கடுக்காக வைத்துச் செய்யும் பக்லாவா இனிப்பைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முள்கரண்டியால் குத்தும்போது சரசரவென்று சத்தம் வரவேண்டும், அதுதான் புதிது என்பதற்கு அடையாளம். துண்டைத் தலைகீழாகத் திருப்பி வாயில் வையுங்கள், நெய்யும் பாகும் ஊறிய அடிப்பக்கம் நேராக மேலண்ணத்தில் படும். ஊருக்கு வாங்கிப் போனால் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டாம், நெய் உறைந்து மொறுமொறுப்பு போய்விடும்.